தொலைவில் தெரியும் உருவங்கள்

திரைப்பட நடிகை ஒருவரின் வாழ்வையும் கலையையும் நம் இல்லங்களில் படிக்கப்படும் ஏட்டில் ஆராய வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நடிகையரின் மணம், மணமுறிவு, ஆடை, அணிகலன் ஆகியவற்றைப் பேசுவதற்கென்றே ஏடுகள் இருக்கின்றன. அவற்றின் பணியை நாம் மேற்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு கலைஞர் தம் படங்களில் எதைக் காட்டினார், அப்படங்கள் எதை மறைத்தன, அவரைப் பற்றி உலகம் எதை மறைத்தது என்று ஆராய்வது வம்பளப்பு ஆகாது. அது திறனாய்வு. அந்த ஆராய்ச்சி நம் வீட்டு வாயிலுக்கே வந்து நிற்குமானால் அதைத் தவிர்ப்பதும் தகாது.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது விவியன் லீ என்னும் ஆங்கில நடிகையை. இரண்டு முறை ஆஸ்கார் பரிசு பெற்றவர்; 'கான் வித் த விண்ட்' படத்தின் நாயகி. அவரைப் பற்றிய நூல்கள் பலவும் லண்டனிலும் ஹாலிவுட்டிலுமே நிலைகொண்டிருக்கின்றன. அவருடைய குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி நம் நீலகிரி மலையில் கழிந்தது என்பதை அவை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிவந்தபின், உதகமண்டலம் ஆங்கிலேயரின் குளிர்வாசத் தலமாக வளர்ந்தது. 1870 முதல் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராகவும் விளங்கியது. 1899-இல் குன்னூர் வரை வந்த மலை ரயில் 1908-இல் உதகையைத் தொட்டது. சமவெளியின் வெயிலையும் நோயையும் அஞ்சிய வெள்ளைக் குடும்பங்கள் மனைவி மக்களை இங்கு அனுப்பி வைப்பது வழக்கமாயிற்று.

அத்தகைய குடும்பங்களுள் ஒன்று எர்னஸ்ட் ஹார்ட்லியுடையது. கல்கத்தாவில் தரகுத் தொழில் செய்துவந்த அவருக்கு 1913 நவம்பர் 5-ஆம் நாள் டார்ஜிலிங்கில் பிறந்த மகளே விவியன் மேரி ஹார்ட்லி. 1917-இல் தந்தை குதிரைப்படை அலுவலராகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டபோது தாயும் மகளும் உதகையில் தங்கினர். மூன்று வயதில், தாய் நடத்திய பொழுதுபோக்கு நாடகக் குழுவின் மேடையில் ஏறி ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொன்னதே அவருடைய முதல் மேடை அனுபவம் என்பர் வாழ்க்கை வரலாற்றாசிரியர். 1920-இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, ரோஹாம்ப்டன் கன்னியர் மடப் பள்ளியில் விடப்பட்டபோது வயது ஆறு.

இதைக் கொண்டு 'எங்கள் மலை ஈன்ற நடிகை' என்று உரிமை கொண்டாடுவது மிகையாகும். மூன்று வயதுக் குழந்தையின் பாட்டு ஒரு கலைஞரை உருவாக்கிவிடாது. அந்த மேடைக்கு முன்னால் அமர்ந்திருந்தவர்களும் ஆங்கிலேயர்களே. நீர் சுமந்தவரும், விறகு கொணர்ந்தவரும், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஆயாக்களுமாகிய நம் மக்கள் அரங்கிற்கு வெளியே நின்றனர். இந்த 'வெளியே நின்றவர்கள்' என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். விவியன் லீயின் கலைப் பயணம் முழுவதையும் அளப்பதற்கு அதுவே நமக்கு அளவுகோலாகப் போகிறது.

1932-இல் ஹெர்பர்ட் லீ ஹோல்மன் என்னும் வழக்கறிஞரை மணந்த அவர், கணவர் பெயரின் ஒரு பகுதியைத் தம் மேடைப் பெயராக்கிக்கொண்டார். 1935-இல் லண்டனில் 'த மாஸ்க் ஆஃப் வர்ச்சூ' என்ற நாடகம் ஒரே இரவில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. 1939-இல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' உலகப் புகழைத் தந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலத்துப் பருத்திப் பண்ணையார் மகள் ஸ்கார்லெட் ஓஹாரா தன் நிலத்தைக் காக்கப் போராடுவதே கதை. விவியன் லீயின் நடிப்பைப் பொறுத்தவரை குறை கூற இடமில்லை. ஸ்கார்லெட் தன்னலம் மிக்கவள், பொய் சொல்பவள், பிறர் கணவனை விரும்புபவள்; ஆயினும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நாம் அவளைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. போரில் எல்லாம் இழந்தபின் பசியோடு மண்ணைக் கிளறிக் கிழங்கைக் கடிக்கும் காட்சியில் அழகு என்பதை அவர் முற்றிலும் துறந்துவிடுகிறார். இவ்வேடத்திற்காக அவர் உழைத்தது 125 நாட்கள், பெற்றது சுமார் 25,000 டாலர் என்றும், நாயகர் கிளார்க் கேபிள் 71 நாட்களுக்கு 1,20,000 டாலருக்கு மேல் பெற்றார் என்றும் திரைப்பட வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. பெண்ணின் உழைப்பை உலகம் எடைபோடும் தராசு எங்கும் ஒன்றே போலும்!

ஆனால் அந்த நிலத்தை உழுதவர் யார்? அப்பருத்தியைப் பறித்தவர் யார்? விலைக்கு வாங்கப்பட்ட கறுப்பின அடிமைகள். படமோ அவர்களை எசமானரிடம் அன்பு பூண்ட வேலையாட்களாகக் காட்டி, அடிமை முறையின் கொடுமையை இனிய கனவாக்கிவிட்டது. மம்மி என்னும் செவிலியாக நடித்த ஹாட்டி மெக்டானியல் இப்படத்தால் ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். எனினும் 1939 டிசம்பர் 15-இல் அட்லாண்டா நகரில் நடந்த முதல் காட்சிக்கு, ஜார்ஜியா மாநில நிறவெறிச் சட்டங்களால் அவர் செல்ல இயலவில்லை. 1940 பிப்ரவரி 29-இல் நடந்த பரிசளிப்பு விழாவிலோ சக நடிகரோடு அமர இயலாமல் தனி மேசையில் அமர்த்தப்பட்டார். 2020-இல் அமெரிக்காவில் ஒரு படக் காட்சி நிறுவனம் இப்படத்தைச் சில நாட்கள் நிறுத்திவைத்து, வரலாற்று விளக்கம் ஒன்றை முன்சேர்த்து மீண்டும் வெளியிட்டதும் இக்குறையை முன்னிட்டே. நடிப்பு உயர்ந்தது, படம் பெரியது, ஆனால் அது சொல்லும் உண்மை பாதி. இம்மூன்றையும் ஒருசேரச் சொல்லத் துணிவதே நேர்மையான விமரிசனம்.

விவியன் லீயின் கலை முழு உண்மையைத் தொட்ட இடம் வேறு. டென்னஸி வில்லியம்ஸ் எழுதிய 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தின் பிளான்ஷ் என்னும் பாத்திரமே அது. 1949-இல் லண்டன் மேடையில் தம் இரண்டாம் கணவர் லாரன்ஸ் ஒலிவியரின் இயக்கத்தில் அவ்வேடத்தை ஏற்றார். 1951-இல் எலியா கஸான் இயக்கிய படத்தில் மீண்டும் ஏற்று இரண்டாவது ஆஸ்காரைப் பெற்றார்.

சொத்தும் இளமையும் நற்பெயரும் இழந்து, தங்கையின் சிறிய வீட்டில் அடைக்கலம் தேடி வருகிறாள் பிளான்ஷ். விளக்கொளி நேரே முகத்தில் விழுவதை அவள் அஞ்சுகிறாள். காகித உறை போட்டு விளக்கை மூடுகிறாள். தங்கை கணவனாக நடித்த மார்லன் பிராண்டோ தெருவில் பேசுவதுபோல் பேசி, வியர்வையோடும் கோபத்தோடும் திரிகிறார். அவரருகே விவியன் லீயின் நடிப்பு மேடைத்தன்மை மிக்கதாக இருக்கிறது என்று குறை கண்டவர் உண்டு. அக்குறையை நான் ஏற்பதற்கில்லை. பிளான்ஷ் வாழ்க்கையிலேயே நடித்துக்கொண்டிருப்பவள். தன் வறுமையை, வயதை, அச்சத்தை மறைக்க அவள் ஓயாமல் வேடம் புனைகிறாள். ஆகவே அவளுடைய சொல்லிலும் கையசைவிலும் நாடகம் தெரியத்தான் வேண்டும். வேடம் கலைந்து, உறை கிழிக்கப்பட்ட விளக்கின் கீழ் அவள் நிற்கும்போது அந்த மேடைக் குரல் உடைகிறது. முன்னைய நாடகத்தன்மை இல்லையேல் இந்த உடைவுக்கு ஆற்றலே இராது. இறுதியில் மனநல மருத்துவரின் கையைப் பற்றிக்கொண்டு அவள் வெளியேறுகிறாள். வீட்டார் அவளை நம்பவில்லை. நம்புவதைவிட அவளை அனுப்பிவிடுவது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது.

இந்த வேடம் தம் மனநிலையைப் பாதித்தது என்று பின்னாளில் அவரே கூறியதாக வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். உண்மையில் நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1944-இல் படப்பிடிப்பின்போது கருச்சிதைவுற்றார். அடுத்து நுரையீரலில் காசநோய் கண்டது. சில நாட்கள் உறக்கமின்றி அளவிறந்த கிளர்ச்சி, பின்னர் ஆழ்ந்த சோர்வு, அதன்பின் வெடிப்பு. வெடிப்பு அடங்கியதும் நடந்தது எதுவும் நினைவில் நிற்காது. ஆனால் தம்மால் வருந்தியவர்களை எண்ணி நாணித் துன்புறுவார். மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இந்நோயை இன்று மருத்துவம் இருமுனை மனநோய் என்கிறது.

1953-இல் 'எலிஃபண்ட் வாக்' என்னும் படத்திற்காக அவர் இலங்கைக்கு வந்தார். பிறந்த மலையும் வளர்ந்த மலையும் போலவே இதுவும் தேயிலை மலை. யானைகளின் வழித்தடத்தை மறித்துக் கட்டிய பங்களாவிற்கு ஒரு தோட்டத் துரையின் மனைவியாக வந்து சேரும் ஆங்கிலப் பெண்ணின் கதை அது. இலங்கையில் சில வாரங்கள் நடித்தபின் ஹாலிவுட் சென்ற அவர் அங்கே முற்றிலும் நிலைகுலைந்தார். இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் இடத்தில் எலிசபெத் டெய்லர் அமர்த்தப்பட்டு 1954-இல் படம் வெளிவந்தது. ஆனால் இலங்கையில் எடுத்த காட்சிகளை மீண்டும் எடுப்பது செலவு மிக்கதாதலால், தொலைவிலிருந்து எடுக்கப்பட்டவை சில அப்படியே விடப்பட்டன. அந்தத் தொலைக்காட்சிகளில் நடந்து செல்பவர் விவியன் லீ. முகம் தெரியாது, நடிகர் பட்டியலில் பெயர் கிடையாது.

அதே படத்தில் முகம் தெரியாத வேறு பலரும் இருக்கின்றனர். கூடை சுமந்து கொழுந்து பறிப்பவராகவும், வாந்திபேதியில் மடிபவராகவும் வந்து போகும் தோட்டத் தொழிலாளரே அவர்கள். நாயகியின் கலக்கத்திற்கு ஒரு கதை உண்டு. யானைக்குக்கூடக் கோபம் கொள்ளக் காரணம் உண்டு. தொழிலாளிக்கு மட்டும் தனியே ஒரு வாழ்வு கதையில் இல்லை. இலங்கைத் தேயிலை மலைகளைப் பசுமையாக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற நம் மக்கள். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அதாவது 1953-இல் படக்குழு அங்கு இறங்கியபோது, அம்மலைகளில் கொழுந்து பறித்த தமிழருள் மிகப் பலர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். பருத்தி வயலில் விடுபட்ட அதே பாதி உண்மை, தேயிலை மலையிலும் விடுபட்டது.

1964 அக்டோபர் 30-இல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்று மனிதரைக் கணக்கிட்டுப் பங்கிட்டனர். அவ்வாறு தாயகம் திரும்பியோரில் பலர் எங்கு வந்து சேர்ந்தனர்? இதே நீலகிரியில்தான். அவர்களுக்கு வேலை தரும் நோக்கோடு 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் லயன் வீடுகளில் குடியேறியவர்களை உள்ளூரார் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர். தாயகத்திலும் அவர்கள் தொலைவில் தெரியும் உருவங்களாகவே நெடுங்காலம் இருந்தனர்.

விதியின் விளையாட்டு என்று இதைச் சொல்ல நான் விரும்பவில்லை. விவியன் லீ செல்வமும் புகழும் உடையவர்; தொழிலாளியின் துயரோடு அவர் துயரைச் சமமாக்குவது தவறு. ஆயினும், பயன்படும் வரையில் ஒருவரை அருகில் காட்டி, பயன்படாதபோது தொலைவில் நிறுத்தி முகத்தை மறைக்கும் வழக்கம் இரண்டிடத்தும் ஒன்றே. அந்தப் படம் தன்னை அறியாமலே இதற்குச் சாட்சியாக நிற்கிறது.

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். என் இளமையில் எங்கள் உறவில் ஒரு சாச்சி இருந்தார். நலமாக இருந்த நாட்களில் அவர் சீறாப்புராணத்தை இராகத்தோடு படித்தால், வேலையை விட்டுவிட்டுத் தெருப் பெண்கள் திண்ணையில் வந்து அமர்வார்கள். நோய் கண்ட நாட்களில் பின்கட்டு அறை சாத்தப்பட்டுவிடும். வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், அவர் நலமாக இருந்தாலும் கதவு சாத்தப்படும். 'இந்த வீட்டில் இப்படி ஒருத்தி இருக்கிறாள்' என்று தெரிந்தால் சம்பந்தம் தவறிவிடும் என்பது பெரியவர்களின் அச்சம். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அவரை ஊட்டி உறக்கி வைத்தவர்களும் அவர்களே. ஆனால் இன்று எங்கள் குடும்பத்தில் அவரை நினைப்பவர்கள் சாத்திய கதவைத்தான் நினைக்கிறார்கள். அவர் படித்த காவியம் யாருடைய நினைவிலும் இல்லை.

இந்த மறைப்பு எங்கு கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் நாம் கண்டோம். ஏர்வாடியில் மனநோயாளர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகை ஒன்று விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் எழுந்து ஓடவும் இயலாமல் 28 பேர் மாண்டனர். எல்லாச் சமயத்துக் குடும்பங்களும் தம்மவரை நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்ட ஊர் அது. நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. துஆ கேட்பது நோயாளியின் சுற்றத்தாருக்கு ஆறுதல். ஆனால் சங்கிலி எந்த நம்பிக்கையின் பகுதியும் அன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்துள்ளது. சட்டம் சங்கிலியைத் தடுக்கலாம். சாத்திய கதவை நாமே திறக்க வேண்டும்.

திரைப்படங்கள் இதில் நமக்கு உதவினவா? அதே நீலகிரிப் பின்னணியில் பாலுமகேந்திரா எடுத்த 'மூன்றாம் பிறை' 1982-இல் வந்தது. நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணும் அவளைப் பேணும் இளைஞனும் பிரியும் இறுதிக் காட்சி, மழை பெய்யும் கேத்தி ரயில் நிலையத்தில் நம் நெஞ்சை உருக்கியது. சிறந்த படம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே நோய் ஒரு நாள் மருத்துவத்தில் முற்றிலும் நீங்கிவிடுகிறது; நோயாளி பழைய பெண்ணாக எழுந்து போய்விடுகிறாள். உண்மை வாழ்வில் மனநோய் அப்படி ரயிலேறிப் போய்விடுவதில்லை. அது வரும், தணியும், மீண்டும் வரும். இடையில் அம்மனிதர் வாழ வேண்டும், உழைக்க வேண்டும், மதிக்கப்பட வேண்டும்.

விவியன் லீ அவ்வாறு வாழ்ந்தவர். 1953-க்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார். மின்னதிர்ச்சிச் சிகிச்சைகளுக்கிடையே 1955-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். 1960-இல் ஒலிவியருடன் மணமுறிவு நேர்ந்த பின்னும் நாடகக் குழுவோடு ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா வரை பயணம் செய்தார். 1963-இல் இசை நாடகம் ஒன்றிற்காக அமெரிக்காவின் டோனி விருது பெற்றார். 1965-இல் 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' படத்தில் முதுமையை அஞ்சும் பெண்ணாகத் தம் கடைசித் திரை வேடத்தை ஏற்றார். இந்நோய்க்கு லித்தியம் உப்பு பயன்படும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-லேயே கண்டறிந்திருந்தார். ஆனால் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது 1970-இல்தான். அதற்குள் 1967 ஜூலையில், 53 வயதில், காசநோய் மீண்டும் வந்து அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. செய்தி வெளியான ஜூலை 8-ஆம் நாள் மத்திய லண்டன் நாடக அரங்குகள் ஒரு மணி நேரம் விளக்கணைத்து அவருக்கு வணக்கம் செலுத்தின.

அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இருவகைப்படுவர். அழகையும் காதலையும் பாடி நோயை அடிக்குறிப்பில் மறைப்போர் ஒருவகை. நோயையே கதையாக்கி, கலையை அதன் விளைவாகக் காட்டுவோர் மற்றொரு வகை. இருவரும் அவருக்கு நீதி செய்தவராகார். நோய் அவருக்குக் கலையைத் தரவில்லை. அது அவர் கலைக்கான நாட்களையே பறித்தது. நோய் இருந்தும் பயிற்சியாலும் அறிவாலும் விடாமுயற்சியாலும் அவர் பிளான்ஷைப் படைத்தார். வீட்டார் நம்ப மறுக்கும் ஒரு பெண்ணை அண்மையில் கொண்டுவந்து, அவள் முகத்தை நாம் பார்த்தே தீரவேண்டும் என்று செய்தாரே, அதுவே அவருடைய சாதனை. புகழால் ஸ்கார்லெட் பெரியவள். உண்மையால் பிளான்ஷே பெரியவள் என்பது என் துணிபு.

'எலிஃபண்ட் வாக்' படத்தை இனி எவரேனும் பார்க்க நேர்ந்தால், எலிசபெத் டெய்லரின் அழகிய முகத்தைச் சற்றே மறந்து, தொலைவுக் காட்சிகளைக் கூர்ந்து நோக்கட்டும். பங்களாவின் பக்கம் நடந்து செல்லும் அந்தச் சிறிய உருவம் யார்? அதற்கும் அப்பால் கூடை சுமந்து நிற்பவர்கள் யார்? அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீலகிரியில் இருக்கிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் நம் கடைகளுக்கு வந்து அரிசி வாங்கிச் சென்றவர்கள் அவர்கள்தாம். அவர்களுடைய பெயரைக் கேட்டறிய நமக்கு எந்தப் படமும் தேவையில்லை. நம் வீட்டுப் பின்கட்டு அறையில் யாரேனும் இருந்தால், விருந்தினர் வரும் நாளிலும் அக்கதவு திறந்தே இருக்கட்டும்.